எழுதுகிறவரின் சனிக்கிழமைக் கணக்கு

ஊத்துக்குளியிலிருந்து தினமும் திருப்பூர் போய், பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்துக்கொண்டே கதை எழுதுகிற ஒரு தங்கை கேட்டிருக்கிறார். மூன்று வருடமாக எழுதுகிறார். இரண்டு கதைகள் சிற்றிதழ்களில் வந்திருக்கின்றன. கேள்வியை அவர் வார்த்தையிலேயே சுருக்கித் தருகிறேன்:

"ஞாயிறு ராத்திரி படுக்கும்போது இந்த வாரமும் ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. மற்றவர்கள் மளமளவென்று எழுதுகிறார்கள். நான் போன வாரம் செய்தது மொத்தமே ஒன்றுதான், கதையில் வரும் பாட்டிக்கு லட்சுமி என்று வைத்திருந்த பெயரைப் பழனாத்தாள் என்று மாற்றினேன். வாரத்தில் எதைச் செய்தால் ஏதோ செய்தோம் என்று எடுத்துக்கொள்ளலாம்?"

அம்மிணி, உங்கள் கம்பெனியிலிருந்தே ஆரம்பிக்கலாம். சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும்போது உங்கள் கையில் ஒரு கணக்கு இருக்கும். இந்த வாரம் எத்தனை ஷிப்ட், அதில் ஒன்றரை ஷிப்ட் எத்தனை நாள், அட்வான்ஸ் பிடித்தது போக மீதி எவ்வளவு. திங்கள் காலையிலிருந்து பார்த்த வேலை அத்தனையும் அந்தக் கணக்கில் வந்து நிற்கும். போகிற வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு, மனசு ஆறி வீட்டுக்குப் போவீர்கள். எழுத்தில் இப்படி ஒரு சனிக்கிழமையை யாரும் நமக்குப் போட்டுத் தருவதில்லை. கதை அச்சில் வந்தால்தான் கணக்கில் ஏறும் என்று வைத்துக்கொண்டீர்களானால், மூன்று வருடத்தில் 156 வாரம், அதில் சம்பளம் வந்தது இரண்டே வாரம். மீதி 154 வாரமும் வெறுங்கையோடு வீடு திரும்பியதாக ஆகிவிடுகிறது. அப்படி எந்த மனிதராலும் வேலை செய்ய முடியாது. உங்கள் சோர்வுக்குக் காரணம் சோம்பலும் இல்லை, திறமைக் குறைவும் இல்லை. கணக்கு வைத்திருக்கிற முறைதான் காரணம்.

நான் கோபியில் இருக்கிறேன். ஈரோட்டில் ஒரு அச்சகத்தில் 22 வருடம் பிழை திருத்தினேன். வேலைக்குப் போய்க்கொண்டே மூன்று சிறுகதைத் தொகுப்பும் ஒரு நாவலும் எழுதினேன். 1998-லிருந்து ஒரு வாரக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறேன். அந்த நோட்டு இல்லாவிட்டால் நாவல் நடுவிலேயே நின்றிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

நோட்டுப் பழக்கம் அப்பாவிடமிருந்து வந்தது. அப்பா பவானியில் ஜமக்காளம் நெய்தவர். குழித்தறி. தறிக்குப் பக்கத்துச் சுவரில், குழியில் உட்கார்ந்தபடியே கை எட்டுகிற உயரத்தில், கரிக்கட்டியால் கோடு போடுவார். ஒரு ஜமக்காளம் தறியை விட்டு இறங்கினால் ஒரு கோடு. வாரக் கடைசியில் கோட்டை எண்ணிப் பார்த்துவிட்டு, நெய்ததைச் சுருட்டிக் கட்டி எடுத்துப் போய்க் கூலி வாங்கி வருவார். வந்ததும் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துவிடுவார். சில வாரம் கோடுகளுக்கு நடுவில் ஒரு வட்டம் இருக்கும். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அது என்னவென்று கேட்டேன். "அன்னைக்குப் பாவு பிணைச்சேன் கண்ணு" என்றார்.

பாவு என்பது தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கிற நூல். பழைய பாவு தீர்ந்து வரும்போது, அதன் நுனி இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். நூற்றுக்கணக்கான இழைகள். அப்பாவும் அம்மாவும் விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் பொழுதோட வரைக்கும் அதையே செய்வார்கள். ஒரு இழை மாறினாலும் துணியில் தெரிந்துவிடும். அன்றைக்கு ஒரு விரற்கடை அகலம்கூட நெய்திருக்க மாட்டார்கள். கூலியும் கிடையாது. இருந்தாலும் சுவரில் வட்டம் ஏறும். கூலிக்கு ஆகாததை எதற்குப் போடுகிறீர்கள் என்றதற்கு, "இது இல்லாம அது ஏது?" என்றார்.

என் நோட்டிலும் கோடும் வட்டமும்தான். எழுதி முடித்தது கோடு. எழுதுவதற்காகச் செய்தது வட்டம். எழுத்தில் பாதிக்கு மேல் பாவு பிணைக்கிற வேலை. அதற்கு நாம் எந்த அடையாளமும் போடாமல் விடுவதால்தான் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றுகிறது.

ஏன் வாரம் என்று கேட்பீர்கள். தினம் இத்தனை சொல் எழுது என்றுதான் நிறையப் பேர் சொல்வார்கள். நாள் என்பது கையில் இருப்பவர்களுக்கு அது சரி. ஷிப்மென்ட் நெருக்கத்தில் ராத்திரி பத்து மணிக்கு வீடு வந்து, சோறாக்கிப் போட்டு, பாத்திரம் கழுவி வைக்கிறவருக்கு நாள் எங்கே கையில் இருக்கிறது? தினக் கணக்கு வைத்தால் வாரத்தில் ஐந்து நாள் தோல்வி என்று எழுத வேண்டி வரும். மாதக் கணக்கு வைத்தால், மூன்றாம் வாரம் வரைக்கும் இன்னும் நாள் இருக்கிறதே என்று விட்டுவிடுவோம். வாரம்தான் நம் கைக்கு அடங்குகிற அளவு. நம் பக்கத்தில் பிழைப்பே வாரத்தில்தான் ஓடுகிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தை திங்கள் ராத்திரி கூடி செவ்வாய் முடியும், கருங்கல்பாளையத்து மாட்டுச்சந்தை என்றால் வியாழன், திருப்பூர் சம்பளம் என்றால் சனி. ஒரு சந்தை தவறிப் போனால் யாரும் விவசாயத்தை விட்டுவிடுவதில்லை. அடுத்த வாரமும் சந்தை கூடும்.

தமிழ் நாவலே ஒரு காலத்தில் வாரத்தை நம்பி வளர்ந்ததுதான். கல்கியின் பொன்னியின் செல்வன் 1950-லிருந்து 1954 வரை வாரா வாரம் பகுதி பகுதியாக வந்தது. ஐந்து பாகமாகக் கட்டி வைத்திருப்பதைப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும். எழுதினவருக்கு ஒவ்வொரு வாரமும் முன்னால் இருந்தது அந்த வாரத்துப் பகுதி மட்டும்.

இங்கிலாந்தில் ஆண்டனி டிராலப் என்று ஒரு நாவலாசிரியர் 19-ஆம் நூற்றாண்டில் இருந்தார். தபால் இலாகாவில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். விடியற்காலை ஐந்தரைக்கே மேசையில் உட்கார்ந்து எழுதிவிட்டு அப்புறம் ஆபீசுக்குப் போவார். அப்படியே 47 நாவல் எழுதியிருக்கிறார். ஒவ்வொரு நாவலுக்கும் வாரம் வாரமாகப் பிரித்த ஒரு நாட்குறிப்பு போட்டு, தினம் எத்தனை பக்கம் என்று குறித்து வைத்திருக்கிறார். பக்கத்துக்கு 250 சொல் என்று அளவு. சராசரியாக வாரத்துக்கு 40 பக்கம் வந்ததாம், சில வாரம் 20 பக்கம், ஒரு வாரம் 112 கூடப் போயிருக்கிறது. பக்கம் குறைந்த வாரம் கண்ணில் வந்த கொப்புளம் மாதிரி உறுத்தும் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அவரிடமிருந்து வாரக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை மட்டுமே எண்ணும் பழக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டாம். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். 2001-ல் ஒரு வருடம் பக்கத்தை மட்டும் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கை ஏறியது. பேச்சுக்குப் பேச்சு வளர்த்து, தேவையில்லாத ஒறம்பரை சொந்தபந்தங்களையெல்லாம் கதைக்குள் கூட்டி வந்து உட்கார வைத்திருந்தேன். பீஸ் ரேட்டில் எண்ணிக்கைக்காக ஓட்டுகிற டைலரின் தையல் எப்படி வரும் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தினமும் உங்கள் மேசைக்கு வருகிறதே.

அப்படியானால் எதை எண்ணுவது? நான் வைத்திருக்கிற அளவு ஒன்றுதான்: சுட்டிக்காட்ட முடிய வேண்டும். "கதையைப் பற்றி நிறைய யோசித்தேன்" என்பதைச் சுட்டிக்காட்ட முடியாது. "இரண்டாம் காட்சியில் அண்ணன் இருக்கக்கூடாது என்று முடிவு செய்து அவனை எடுத்தேன்" என்பதை முடியும். போன வாரம் இல்லாதது இந்த வாரம் இருக்க வேண்டும், அல்லது போன வாரம் இருந்த குறை இந்த வாரம் இல்லாமல் போயிருக்க வேண்டும். அது எவ்வளவு சின்னது என்று பார்க்காதீர்கள்.

எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு என் நோட்டிலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன். 2003-ல் ஒரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். மாமியாரிடம் அடி வாங்கிய ஒரு பெண் காட்டிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிறாள். நம் பக்கம் காடு என்றால் விளைநிலம்தான். வழியிலேயே அழுது தீர்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போல் வாசலில் நுழைகிறாள். "ஒற்றையடிப் பாதையில் அழுதுகொண்டே நடந்தாள்" என்று எழுதியிருந்தேன். அந்த இடம் உட்காரவே இல்லை. அழுகையைக் கூட்டிப் பார்த்தேன், குறைத்துப் பார்த்தேன். நாலு வாரம், ஐந்து வாரம். படிக்கும்போதெல்லாம் அந்தப் பெண் நடிப்பது போலவே இருந்தது.

ஐந்தாம் வாரம் சத்தியமங்கலத்திலிருந்து கோபிக்குப் பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். முன்சீட்டில் ஒரு பாட்டி, பக்கத்தில் இருந்த பெண்ணிடம் பழைய கதை பேசிக்கொண்டு வந்தார். "அந்த இட்டேறீல நொழஞ்சுட்டா ஆளே தெரியாது கண்ணு. என்ற மாமியாளு வெஞ்சப்பெல்லாம் அதுக்குள்ள நின்னு அழுதுட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்" என்றார்.

இட்டேறி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: இரண்டு காட்டு வேலிகளுக்கு நடுவில் வண்டியும் மாடும் போவதற்கு விட்டிருக்கிற வழி. இரண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியும் ஆள் உயரத்துக்கு நிற்கும். உள்ளே போகிறவரை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஒற்றையடிப் பாதை அப்படியில்லை, அது வெட்டவெளி. அதில் ஒருத்தி அழுதுகொண்டு போனால் நாலு காட்டிலிருந்தும் தெரியும். நான் எழுதிய பெண் யார் கண்ணிலும் படாமல் அழ நினைப்பவள். அவளை எல்லோரும் பார்க்கிற இடத்தில் நடக்கவிட்டு, அழுகை ஏன் பொய்யாகத் தெரிகிறது என்று ஐந்து வாரம் வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அந்த ஒரு சொல்லை மாற்றினேன். மாற்றியதும் அழுகையைப் பற்றிய ஆறு வரி வேண்டாம் என்று தெரிந்துவிட்டது. அடித்துவிட்டு, "இட்டேறி முடிகிற இடத்தில் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்" என்று மட்டும் எழுதினேன். அந்த வாரத்து நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "ஒற்றையடிப் பாதை போய் இட்டேறி வந்தது. ஆறு வரி போனது." கோடு. எனக்கு அது பெரிய கோடு. வேறு எதுவும் எழுதவில்லை அந்த வாரம். இருபது வருடம் கழித்து இன்றைக்கும் அந்தக் கதையைப் படித்தவர்கள் இட்டேறியைத்தான் நினைவு வைத்துச் சொல்கிறார்கள்.

வட்டாரச் சொல்லுக்குப் பெருமாள்முருகன் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதி இருக்கிறது. அதைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சொல் ஒரு வாயிலிருந்து காதில் விழும்போது அதோடு ஆளும் இடமும் காரணமும் சேர்ந்து வருகின்றன. கேட்ட பேச்சைக் கேட்டபடியே அன்றைக்கே குறித்து வைப்பது என் கணக்கில் வட்டம். வாரத்துக்கு இரண்டு கிடைத்தால் போதும். ஊத்துக்குளியிலிருந்து திருப்பூர் வரைக்கும் வண்டியில் உங்களுக்குக் கிடைக்கிற பேச்சு, வீட்டிலேயே உட்கார்ந்து எழுதுகிறவருக்குக் கிடைக்காது.

வேறு எதெல்லாம் ஏறும்? எழுதினதை வாய்விட்டுப் படித்து, நாக்கு தடுக்குகிற இடத்தில் பென்சிலால் குறி போடுவது ஏறும். குறை உள்ள இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவதுதான் உங்கள் அன்றாட வேலை. அதை வேலை இல்லை என்று எந்தச் சூப்பர்வைசராவது சொல்வாரா? கதையிலும் அப்படித்தான். ஒரு வாரம் குறி போடுங்கள், அடுத்த வாரம் குறி போட்ட இடங்களை மட்டும் சரிசெய்யுங்கள். இரண்டையும் ஒரே நாளில் செய்யப் பார்க்காதீர்கள், கண் மாறிவிடும். அப்புறம், முடித்த கதையை உறையில் போட்டோ மின்னஞ்சலிலோ அனுப்பிவிடுவது ஏறும். வந்ததா, போட்டார்களா என்பது அவர்கள் கணக்கு. அனுப்பியது உங்கள் கணக்கு. நம்பகமான ஒருவரிடம் கதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வது ஏறும். கதை நடக்கிற இடத்தை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவது ஏறும். வேண்டாம் என்று தெரிந்த ஒரு கதையைத் துணிந்து நிறுத்துவதுகூட ஏறும், இதற்கு நான் இரண்டு வட்டம் போடுவேன், அவ்வளவு கஷ்டமான வேலை அது.

சொந்த எழுத்து அசையாத வாரங்களில் ஒரு பக்கம் மொழிபெயர்த்துப் பாருங்கள், பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. கொங்கு நாட்டு வாழ்க்கையை 1942-லேயே நாகம்மாள் நாவலில் எழுதிய ஆர். சண்முகசுந்தரம், வங்க நாவல்களையும் நிறையத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். இன்னொருவர் வாக்கியத்தைத் தூக்கித் தமிழில் வைக்கும்போது நம் வாக்கியத்துக்குக் கை பழகுகிறது.

ஏறாதவையும் உண்டு. எழுதுவது எப்படி என்று பேசுகிற வீடியோ பார்ப்பது ஏறாது. புது நோட்டு வாங்குவது, அட்டை போடுவது ஏறாது. உங்கள் கதையை எத்தனை பேர் விரும்பினார்கள் என்ற எண்ணிக்கை ஏறவே கூடாது, அது உங்கள் கையில் இல்லாத கணக்கு. இன்னொருவர் எத்தனை கதை எழுதினார் என்பதும் அப்படித்தான். அவர் வீட்டில் யார் சோறாக்குகிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

நல்ல வாரத்தைவிடக் கெட்ட வாரத்துக்குத்தான் நோட்டு அதிகம் தேவை. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் தெரசா அமாபைல் என்ற பேராசிரியர் இதைப் பெரிய அளவில் ஆராய்ந்திருக்கிறார். ஏழு நிறுவனங்களில் புதிதாக யோசித்துச் செய்கிற வேலையில் இருந்த 238 பேரைத் தினமும் சாயங்காலம் நாட்குறிப்பு எழுதி அனுப்பச் சொன்னார். கிட்டத்தட்ட 12,000 குறிப்புகள் சேர்ந்தன. 2011-ல் அது புத்தகமாக வந்தது. மனிதர்களை வேலையில் அதிகம் உற்சாகப்படுத்தியது பாராட்டும் பணமும் இல்லை என்று கண்டார்கள். தனக்கு அர்த்தமுள்ள வேலையில் கொஞ்சமாவது முன்னே போனோம் என்ற உணர்வுதான் அது. சின்ன முன்னேற்றத்துக்கே அந்தப் பலம் இருந்தது. ஆனால் பின்னடைவு கொடுக்கிற அடி, முன்னேற்றம் கொடுக்கிற சந்தோஷத்தைவிடப் பலமாக இருப்பதையும் பார்த்தார்கள். நமக்கு வேண்டியது இந்த இரண்டாவது செய்தி. அடி வாங்கிய வாரம் தானாகவே நினைவில் நிற்கும். முன்னே போன வாரத்தை எழுதி வைத்தால்தான் நிற்கும்.

எனக்கு அது நடந்தது. நாவலின் கையெழுத்துப் பிரதியை ஒரு பதிப்பகத்துக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றரை வருடம் பதிலே இல்லை. பிறகு ஒரு நாள் ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல் கட்டு திரும்பி வந்தது. கயிற்றைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, நான் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. அவிழ்த்திருக்கவே இல்லை. மூன்று நாள் அந்தக் கட்டைத் தொடவில்லை. சனிக்கிழமை வந்ததும், நோட்டில் எதையாவது எழுத வேண்டுமே என்பதற்காக மட்டும் முதல் அத்தியாயத்தைப் பிரித்துப் படித்தேன். அந்த வாரத்துக் குறிப்பு இப்படி இருக்கிறது: "நாவல் திரும்பி வந்தது. முதல் அத்தியாயம் படித்தேன். கதை மூன்றாம் பக்கத்தில்தான் ஆரம்பிக்கிறது." மூன்று வரியில் முதல் வரி அடி, மூன்றாவது வரி வட்டம். அடுத்த வாரம் முதல் இரண்டு பக்கத்தை எடுத்தேன். அதற்கடுத்த வாரம் இரண்டாம் அத்தியாயம். இப்படியே 19 வாரத்தில் நாவல் முழுக்கத் திருத்தி வேறு இடத்துக்கு அனுப்பினேன். அது புத்தகமாக வெளிவந்தது.

சரி, சின்னச் சின்னதாகச் சேர்த்தால் எவ்வளவு சேரும்? ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். வாரத்துக்கு 300 சொல். கையால் எழுதினால் இரண்டு, இரண்டரைப் பக்கம். 52 வாரத்துக்கு 15,600 சொல். ஒரு சிறுகதைக்கு 2,000 சொல் என்றால் ஏழு கதைக்கு மேல் வருகிறது. பாதியை அடித்துப் போட்டாலும் வருடத்துக்கு மூன்று நல்ல கதை நிற்கும். நாலு வருடத்தில் ஒரு தொகுப்பு. வேலைக்குப் போய்க்கொண்டே நாலு வருடத்தில் ஒரு தொகுப்பு போடுவது சாதாரணம் இல்லை. என் முதல் தொகுப்புக்கு ஆறு வருடம் ஆனது.

பெரிய வேலைகளும் இப்படித்தான் நடந்திருக்கின்றன. நம் மொடக்குறிச்சிப் பக்கம் மஞ்சக்காட்டு வலசில் பிறந்த பெ. தூரன், தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்தார். முதல் தொகுதி 1954-ல் வந்தது, பத்தாம் தொகுதி 1968-ல். நடுவில் 14 வருடம். அந்தத் தொகுதிகளை ஒரு முறை நூலகத்தில் எடுத்துப் புரட்டிப் பாருங்கள். ஒரு வாரத்தில் யாராலும் கலைக்களஞ்சியம் செய்ய முடியாது. ஒரு வாரத்தில் சில கட்டுரைகளைச் சரிபார்க்க முடியும், ஒரு கலைச்சொல்லை முடிவு செய்ய முடியும், ஒரு படத்துக்குக் குறிப்பு எழுத முடியும். அந்த வேலைக்கு நடுவிலேயே அவர் கீர்த்தனைகளும் பிள்ளைகளுக்கான புத்தகங்களும் எழுதியிருக்கிறார். அச்சகத்தில் வேலை பார்த்த எனக்கு அந்தத் தொகுதிகளின் ஒவ்வொரு பக்கமும் ஒருவருடைய ஒரு வாரமாகத்தான் தெரியும்.

நோட்டு எப்படி வைப்பது என்று சொல்லிவிடுகிறேன். 40 பக்க நோட்டு ஒன்று போதும், கைப்பையில் போகிற அளவு. வாரத்துக்கு மூன்று வரிக்கு மேல் வேண்டாம். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது வண்டியிலேயே எழுதுங்கள். இடம் கிடைக்காமல் நின்றுகொண்டு வந்தால், இறங்கி ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள். வீட்டுக்குள் போய்விட்டால் வேறு வேலை பிடித்துக்கொள்ளும். ஒரு வரி முடிந்தது, ஒரு வரி பிணைத்தது, ஒரு வரி அடுத்த வாரத்துக்கு. அந்த மூன்றாவது வரியில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். "கதையை முடிக்கணும்" என்று எழுதாதீர்கள். "பாட்டி கோழியை அடைக்கிற இடம்" என்று எழுதுங்கள். திங்கள்கிழமை மேசையில் நிற்கும்போதே அது மனசில் ஓடிக்கொண்டிருக்கும்.

உடம்பு சரியில்லாத வாரம், கல்யாண வீடு, மாரியம்மன் கோயில் நோன்பு, இப்படி ஒன்றுமே செய்ய முடியாத வாரங்கள் வரும். தேதியைப் போட்டு, அந்த வாரம் கண்ணில் பட்ட ஒன்றை எழுதுங்கள். கல்யாண வீட்டில் யார் சாப்பிடாமல் போனார்கள் என்பது போதும். என் கதைகளில் இரண்டு அப்படி எழுதி வைத்த ஒற்றை வரியிலிருந்து வந்தவை. தேதிகூடப் போடாமல் ஒரு வாரத்தை மட்டும் விடாதீர்கள். ஒரு வாரம் விட்டால் அடுத்த வாரம் நோட்டை எடுக்கவே கூச்சமாக இருக்கும்.

நோட்டை யாருக்கும் காட்ட வேண்டாம். எங்கள் அமுச்சி, அம்மாவைப் பெற்றவர், அரிசிப் பானைக்கு அடியில் சிறுவாட்டுப் பணம் வைத்திருப்பார். எவ்வளவு இருக்கிறது என்று தாத்தாவுக்கு, எங்கள் அப்புச்சிக்குக்கூடத் தெரியாது. என் பத்தாம் வகுப்புப் பரிட்சைப் பணம் அந்தப் பானையிலிருந்துதான் வந்தது. எழுத்தில் சேர்த்ததையும் கொஞ்ச காலம் அப்படி வைத்திருங்கள். வெளியில் சொன்னால் யாராவது "இதுக்கா ஒரு வாரம்?" என்று கேட்டுவிடுவார்கள், அந்தக் கேள்வி எழுதுகிற கையை நிறுத்திவிடும்.

இப்போது உங்கள் போன வாரத்துக்கு வருகிறேன். லட்சுமியைப் பழனாத்தாள் ஆக்கினீர்களே, ஏன்? யாரும் சொல்லி நீங்கள் மாற்றியிருக்க மாட்டீர்கள். எழுதிய பாட்டிக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை என்று உங்கள் காதுக்குப் பட்டிருக்கிறது. ஊத்துக்குளிப் பக்கத்தில் அந்த வயதுக்காரர்கள் காளியாத்தாள், பாவாத்தாள், பழனாத்தாள் என்றுதான் இருப்பார்கள் என்று அந்தக் காது சொல்லியிருக்கிறது. இந்த வேலைக்கு முதல் மூலதனமே அந்தக் காதுதான். எனக்கு இட்டேறி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. உங்களுக்கு இது ஒரு வாரத்தில் கிடைத்திருக்கிறது. புது நோட்டில் முதல் வரியாக இதை எழுதி, ஒரு கோடு போடுங்கள்.

இரண்டாவது வரியை நானே சொல்கிறேன். பெயர் மாறிவிட்டதால் அந்தப் பாட்டியின் பேச்சும் இனிமேல் பழையபடி இருக்காது. லட்சுமி பேசிய வரிகளெல்லாம் பழனாத்தாள் வாய்க்குள் நுழையுமா என்று பாருங்கள். கதையின் முதல் பக்கத்தை எடுத்துப் பாட்டி பேசுகிற இடங்களை மட்டும் வாய்விட்டுப் படித்து, நுழையாத இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு குறி போடுங்கள். திருத்த வேண்டாம். குறி மட்டும். அடுத்த சனிக்கிழமைக்கு அது போதும்.